பென்சில் கோடாக இருக்கும்போதே போய்விடுங்கள்

எங்கள் தெருவில் பெருமழை பெய்தாலே மேன்ஹோல் மூடி எழும்பி, கழிவுநீர் வாசல்படி வரை வந்துவிடும். புகார் கொடுத்தால் ஆள் வந்து அடைப்பெடுப்பார். அடுத்த மழைக்கு மறுபடி அதே நாற்றம். பல வருடம் கழித்து, யுஜிடி (பாதாளச் சாக்கடை) குழாயை மாற்றப்போவதாகச் சொல்லி வார்டு கூட்டம் அறிவித்தார்கள். "டிரெய்னேஜ் மீட்டிங், எல்லாரும் வாங்க" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டேன். மூன்றே பேர் வந்தோம்.

இரண்டாவது கூட்டத்துக்கு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுச் சங்கதியை மட்டும் பேசினேன். "உங்க கேட்டுக்கு நேரா சேம்பர் வருது, இடம் சரியான்னு பாருங்கண்ணா" என்றதும் அவர் கிளம்பிவிட்டார். கோடி வீட்டுக் கன்னட அஜ்ஜியிடம், "நீவூ பன்னி அஜ்ஜி" (நீங்களும் வாங்க பாட்டி) என்று சொல்லி, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக வாக்குக் கொடுத்தேன். அன்று பதினெட்டுப் பேர்.

எங்கள் ஊரான மைசூரில் பாதாளச் சாக்கடை 1904-லேயே வந்துவிட்டது. ஊரின் கழிவுநீர் கேசரே, மலலவாடி, தளவாய், பெலவத்தா என்ற நான்கு பள்ளத்தாக்குப் பக்கமாக இறங்குகிறது. சுத்திகரிக்க கேசரே, ராயனகெரே, வித்யாரண்யபுரத்தில் நிலையங்கள் உண்டு. அங்குவரை தண்ணீரைக் கொண்டுபோவது பெரும்பாலும் சரிவுதான். சரிவு குறைந்தால் கசடு தங்கும், தங்கினால் அடைக்கும். இதையெல்லாம் பொறியாளர் கணக்குப் போட்டுவிடுவார். மழைநாளில் தண்ணீர் எந்த மூலையிலிருந்து பொங்குகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கூட்டத்தில் அஜ்ஜி அதைத்தான் சொன்னார். வெயில் காலத்தில் ஒருநாளும் பொங்கியதில்லை, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார். பொறியாளர் நிமிர்ந்து, "மொட்டைமாடித் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டோம். மழைநீர்க் குழாயை நாங்களே யுஜிடியில் சேர்த்திருந்தோம், என் வீட்டிலும்தான். எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் அந்த மழை அதை நிரப்பியிருக்கும். ஆறு வீடுகள் அந்த இணைப்பைத் துண்டித்து, மழைநீரைத் தெருவோர மோரிக்குத் திருப்ப அங்கேயே சம்மதித்தோம். மூன்று பேர் கூட்டத்தில் இந்தப் பேச்சே வரவில்லை.

நீங்கள் போவதானால், மழையன்று எடுத்த படங்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். கோரிக்கையைக் கன்னடத்தில் ஒரே பக்கத்தில் எழுதி, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். கூட்டம் மாலையில் இருந்தால் வேலைக்குப் போகும் பெண்கள் வருவார்கள், அதை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243எஸ் பிரிவே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அடைத்துக்கொண்டால் அந்தச் சேம்பருக்கு இயந்திரம் போக வழி இருக்கிறதா? வழி இல்லாத இடத்தில் மனிதனை இறக்கிவிடுகிறார்கள். மனிதரைக் கொண்டு சாக்கடையை அபாயகரமாகச் சுத்தம் செய்வதை 2013 சட்டம் தடைசெய்கிறது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் தெருவுக்கான பென்சில் வரைபடத்தில் ஒரு சேம்பர், ஸ்கூட்டர் மட்டும் நுழையும் சந்துக்குள் இருந்தது. அதைக் காட்டினோம். பொறியாளர் ரப்பரால் அழித்து, வண்டி நிற்கக்கூடிய தெருமுனைக்கு அதை நகர்த்தி வரைந்தார்.