கணிப்பொறிக்கு வந்த ஜூன் மாத நோய்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில் ஒரு பள்ளி. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் கணிப்பொறி அறையைத் திறந்தார்கள். இருந்த ஐந்து பழைய கணிப்பொறிகளில் மூன்று வேலை செய்யவில்லை. “ஏப்ரலில் நன்றாகத்தானே ஓடின! இனிப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போட வேண்டும்” என்றார் ஆசிரியர். “கொஞ்சம் பொறுங்கள் சார், ஒவ்வொன்றும் எதுவரை போய் நிற்கிறது என்று பார்ப்போம்” என்றேன் நான்.

மாணவ நண்பர்களே, பழுது பார்ப்பதன் முதல் பாடம் இதுதான். பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியில் மூன்று வேலைகள் வரிசையாக நடக்கின்றன.

1. மின்வழங்கி, 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றுகிறது.

2. தாய்ப்பலகையிலுள்ள ‘பயாஸ்’ என்னும் நிரல் விழித்து நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது.

3. பிறகு வன்தட்டிலிருந்து இயக்க முறைமை படிக்கப்படுகிறது.

வண்டி எந்த நிலையத்தில் நின்றதோ, அதற்கு அருகில்தான் கோளாறு!

முதல் கணிப்பொறியில் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. வேறு கம்பி மாட்டியும் பயனில்லை. ஆகவே மின்வழங்கியில்தான் பழுது. அதை நாங்கள் திறக்கவில்லை. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். இணைப்பை எடுத்த பிறகும் அதிலுள்ள மின்தேக்கி அந்த மின்னூட்டத்தைச் சில நேரம் வைத்திருக்கும். நீங்களும் அதைத் திறக்கவே கூடாது.

இரண்டாவதில் விசிறி சுழன்றது. திரை இருண்டிருக்க, ‘பீப், பீப்’ என்று ஓயாத ஒலி. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் இது நினைவகத்தைக் காணவில்லை என்னும் முறையீடு. மின் இணைப்பை எடுத்துவிட்டு, நினைவக அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மாட்டினோம். ஒலி நின்றது, திரை ஒளிர்ந்தது. தூசியும் ஆக்சைடும் தொடுமுனையின் மின்தடையைக் கூட்டியிருந்தன, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் சுவையானது. திரை வந்தது; ஆனால் ஆண்டு 2009 என்று காட்டியது. எந்த வன்தட்டிலிருந்து தொடங்குவது என்பதையும் அது மறந்திருந்தது.

1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில், அணைத்த பின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் வந்த அதன் ‘ஏ.டி.’ வகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இடம்பெற்றது. இன்று தாய்ப்பலகையில் காசு போலத் தெரியும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் மின்கலம் அதற்காகத்தான். குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது, பார்த்தீர்களா?

ஆனால் ஏன் ஜூன் மாதத்தில்? மின் இணைப்பு இருக்கும்வரை, கணிப்பொறியை அணைத்திருந்தாலும், மின்வழங்கி தரும் சிறு மின்சாரத்தில் கடிகாரம் ஓடுகிறது. விடுமுறையில் சுவிட்சை முழுவதும் அணைத்துவிடுகிறோம். இரவும் பகலும் அந்தச் சிறு மின்கலமே சுமையைத் தாங்க வேண்டும். வயதான மின்கலம் மே மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. அளந்து பார்த்தோம்: 2.3 வோல்ட்!

கைக்கடிகாரக் கடையில் புதியது வாங்கிப் பொருத்தி, தேதியையும் வன்தட்டையும் குறித்தோம். கணிப்பொறி எழுந்தது. தேதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் இணையதளங்கள் பலவும் திறந்திரா. அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று 2009இல் இருக்கும் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும்.

கழற்றிய மின்கலத்தைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

மூன்றில் இரண்டு அன்றே வகுப்புக்குத் திரும்பின. மின்வழங்கி மட்டும் தொழில்நுட்பரிடம் போயிற்று.

சிந்தித்துப் பாருங்கள்: அந்தக் கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் 30,000 அல்ல? அந்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். பதினைந்தாம் முறை விடை கிடைக்கும்!