குறைந்தபட்சச் சம்பளம்: பினாங்கு அனுபவம் சொல்வது என்ன?

நாட்டின் செல்வம் பெருகுவது வேறு. அது உழைப்பவரின் கைக்கு வந்து சேர்வது வேறு. மலேசியப் பொருளாதாரக் கொள்கை குறித்து இன்று எழும் வாதங்கள் பல, இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியவையே. அவற்றுள் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். பட்டம் பெற்று வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களையும், உணவகமோ கடையோ நடத்தும் நம் குடும்பங்களையும் இது ஒருசேரப் பாதிக்கிறது.

சட்டம் கடந்து வந்த பாதை

தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011இல் இயற்றப்பட்டது. அதன்படி 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டும் சபா, சரவாக் மாநிலங்களில் 800 ரிங்கிட்டும் குறைந்தபட்சச் சம்பளமாக நடப்புக்கு வந்தன. 2019இல் நாடு முழுவதற்கும் ஒரே அளவாக 1,100 ரிங்கிட் நிர்ணயிக்கப்பட்டது. 2022 மே மாதம் அது 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. ஐவருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டு வரை அவகாசம் அளிக்கப்பட்டது. வாரத்திற்கு 45 மணி நேர வேலை என்று கணக்கிட்டால், 1,700 ரிங்கிட் என்பது ஒரு மணிக்கு 8 ரிங்கிட் 72 சென் ஆகும்.

ஒவ்வொரு முறை இத்தொகை உயரும்போதும் இரண்டு எதிர்ப்புகள் எழுகின்றன. முதலீட்டாளர்கள் மலிவான நாடுகளுக்குப் போய்விடுவார்கள் என்பது ஒன்று. சிறு வணிகர்களால் தாங்க முடியாது என்பது மற்றொன்று.

முதலீட்டாளர்கள் போய்விடுவார்களா?

இக்கேள்விக்குப் பினாங்கின் வரலாறே ஓரளவு விடை தருகிறது. 1960களின் இறுதியில் ஜோர்ஜ்டவுன் தன் சுங்க வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. வரிச் சலுகையும் குறைந்த கூலியும் அன்று அந்நிறுவனங்களை ஈர்த்தன. கம்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் உற்பத்தி வரிசைகளில் அமர்ந்தனர்.

பின்னர் சீனாவும் வியட்நாமும் இன்னும் மலிவான கூலியோடு போட்டிக்கு வந்தன. கூலி ஒன்றே காரணமாக இருந்திருந்தால் பாயான் லெப்பாஸ் எப்போதோ வெறிச்சோடியிருக்கும். மாறாக, 2021இல் இன்டெல் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே தேர்ந்த பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் உருவாகியிருந்தனர். அரசும் தொழில்துறையும் கல்வியாளர்களும் இணைந்து 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தனர். பன்னாட்டு நிறுவனத்தில் அனுபவம் பெற்ற பொறியாளர்கள் 2000இல் விட்ரோக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆகவே, சம்பளம் உயர்ந்தால் தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் பாதி உண்மையே. திறன் வளராத இடத்தில்தான் அந்த அச்சத்திற்கு இடமுண்டு.

உழைப்பவரின் பங்கு

திறன் வளர்ந்தால் சம்பளம் தானாக வளர்ந்துவிடுமா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2018ஆம் ஆண்டுக்கான பேங்க் நெகாரா அறிக்கை ஓர் ஒப்பீட்டைத் தந்தது. 1,000 டாலர் மதிப்புள்ள உற்பத்திக்கு மலேசியத் தொழிலாளி 340 டாலர் பெறுகிறார். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முன்னேறிய நாடுகளில் அது 510 டாலர். இது சம அளவு உற்பத்திக்கான ஒப்பீடு. எனவே, "நம்மவர் குறைவாக உற்பத்தி செய்வதால் குறைவாகப் பெறுகின்றனர்" என்ற விளக்கம் மட்டும் இங்கே போதாது.

பேரம் பேசும் வலிமையும் சேர்ந்தே பங்கைத் தீர்மானிக்கிறது. மின்னணுத் துறையில் 1988இல் நிறுவன அளவிலான தொழிற்சங்கங்களுக்கே அனுமதி கிடைத்தது. வட்டாரச் சங்கங்களுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, சம்பளம் உயர்வதற்குப் பதிலாக அந்நியத் தொழிலாளர்கள் பெருமளவில் தருவிக்கப்பட்டனர்.

உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஊழியர்களின் சம்பளப் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இருந்த நிலையில், அதைப் பத்தாண்டுகளில் 45 விழுக்காடாக உயர்த்த 2023இல் அறிவிக்கப்பட்ட மடானி பொருளாதாரக் கட்டமைப்பு இலக்கு வைத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீதிப் பங்கு முழுவதும் பெருநிறுவனங்களின் இலாபம் அன்று. சௌராஸ்தா சந்தையில் சொந்தக் கடை வைத்திருப்பவரின் வருமானமும் அதில்தான் அடங்கும்.

சிறு வணிகரின் நிலை

இரண்டாவது எதிர்ப்பை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். லிட்டில் இந்தியாவில் நான்கு பேரை வைத்து உணவகம் நடத்துபவர், வாடகையும் பொருள் விலையும் ஏறும்போது சம்பள உயர்வையும் சேர்த்தே சுமக்கிறார். அவருடைய கடையில் பாத்திரம் கழுவுபவருக்கும் குடும்பம் இருக்கிறது. இருவருமே நம் சமுதாயத்தினராக இருக்கும்போது ஒருவர் பக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது.

எனவே, சம்பளத்தைத் தாழ்த்தி வைப்பதைவிட, உயர்வை முன்கூட்டியே அறிவித்துச் சிறுகச் சிறுக நடைமுறைப்படுத்துவதே நல்லது என்று கருதுகிறேன். ஈராண்டுக்கு ஒரு முறையேனும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அடுத்தடுத்த உயர்வுகளுக்கான கால அட்டவணை முன்னதாகவே கையில் இருந்தால் கடைக்காரர் அதற்கேற்பத் திட்டமிடலாம். 2024 ஜூனில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய முற்போக்குச் சம்பளக் கொள்கை, ஊழியருக்குப் பயிற்சி அளித்துச் சம்பளத்தை உயர்த்தும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கியது. சிறு கடைகளும் எளிதாக நுழையும்படி இத்தகைய உதவியை அமைத்தால் பயன் இருக்கும்.

மாணவ நண்பர்களே, வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும் ஒவ்வோர் ஆண்டும் வளர்ச்சி விழுக்காட்டையே செய்திகள் முதலில் சொல்கின்றன. அதற்கு அடுத்த வரியாக, உழைப்பவரின் பங்கு சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பதையும் தேடிப் படியுங்கள். முதல் வேலைக்கான நேர்காணலில் அமரும்போது, சம்பளத்தோடு பயிற்சி வாய்ப்பையும் தொழிற்சங்க உரிமையையும் கேட்டறியுங்கள். பின்னாளில் நம்மில் சிலர் முதலாளிகளாவோம். அப்போது நம்மிடம் வேலைக்கு வருபவரும் இதே கேள்விகளைக் கேட்க உரிமையுள்ளவர்.