மோட்டார் நின்றுபோனால் எத்தனை ஆம்பியர்?

கேள்வி: ஐயா, நான் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆர்டுயினோ ஊனோ, எல்298என் டிரைவர் போர்டு, நான்கு மஞ்சள் கியர் மோட்டார்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றை வைத்து ஒரு சின்ன வண்டி செய்திருக்கிறோம். பக்கத்துக்கு இரண்டு மோட்டார்களைச் சேர்த்து ஒரு சேனலில் கொடுத்திருக்கிறோம். வண்டி கிளம்பும்போதெல்லாம் ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடுகிறது. பேட்டரிக்குப் பதில் பெரிய அடாப்டர் கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் போர்டில் கை வைக்க முடியாத சூடு. ஃபைனல் பிராஜெக்டுக்காகப் பழைய காரின் வைப்பர் மோட்டார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் 12 வோல்ட்தானே, இதே போர்டு போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதுமா?

பதில்: போதாது. வைப்பர் மோட்டாரை அந்த போர்டில் மாட்டவே வேண்டாம். ஏன் என்பதற்கான விடை உங்கள் சின்ன வண்டியிலேயே இருக்கிறது.

வோல்டேஜ் பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். டிரைவரை எரிப்பது கரண்ட். அதுவும் மோட்டார் ஓடும்போது இழுக்கிற கரண்ட் அல்ல; தண்டு சுழலாமல் நிற்கும்போது இழுக்கிற கரண்ட். இதைத்தான் ஸ்டால் கரண்ட் என்கிறோம். சக்கரம் எதிலும் சிக்காவிட்டாலும், கிளம்பும் கணத்தில் மோட்டார் நின்ற நிலையில்தானே இருக்கிறது? ஆகவே ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்ட் சிறிது நேரம் பாயவே செய்யும்.

ஒரு மோட்டாரைக் கழற்றி அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மோட்டாரோடு சீரியஸில் இணைத்து, 6 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தை இறுகப் பிடியுங்கள். எண் தெரிந்த உடனே சப்ளையைத் துண்டித்துவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் சுருள் கருகிவிடும். மஞ்சள் மோட்டார்களில் பொதுவாக 1 ஆம்பியருக்கு மேல் காட்டும். 1.2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேனலில் இரண்டு மோட்டார் என்றால் 2.4. எல்298 ஐசியில் ஒரு சேனலின் தொடர் வரம்பே 2 ஆம்பியர்தான். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 4.8 ஆம்பியர். சின்னச் செவ்வக 9 வோல்ட் பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம். அதனால் இந்தச் சுமையைத் தாங்கவே முடியாது. வோல்டேஜ் சடாரென்று சரிகிறது, அதே பேட்டரியை நம்பியிருக்கும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது.

சூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்298 பழைய வடிவமைப்பு. உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் பாயும்போதே ஏறக்குறைய 2 வோல்ட் அதற்குள் விழுந்துவிடும். அதாவது ஒரு சேனலில் 2 வாட் வெறும் சூடாகப் போகிறது. மாஸ்ஃபெட் வகை டிபி6612 போர்டுகளில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் அவற்றின் தொடர் வரம்பு சேனலுக்கு 1.2 ஆம்பியர்தான். எனவே இரண்டு போர்டுகள் வாங்கி, ஒரு மோட்டாருக்கு ஒரு சேனல் என்று பிரித்துக் கொடுங்கள். சப்ளைக்கு இரண்டு 18650 செல்களைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். முழு சார்ஜில் 8.4. மோட்டார் 6 வோல்ட் வகை என்பதால் பிடபிள்யூஎம் மதிப்பை 255 வரை கொண்டுபோகாமல் 180-லேயே நிறுத்துங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்கள் வேண்டாம். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்கள். ஆர்டுயினோவின் கிரவுண்டும் டிரைவரின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரிவர்ஸ் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓடும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர். முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று திசையை மாற்றினால், அது உண்டாக்கும் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் கூடி, ஸ்டால் கரண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயும். புரோகிராமில் முதலில் வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சக்கரம் நிற்க நேரம் கொடுத்து, பிறகு திசையை மாற்றி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நான்கைந்து வரி கோடுதான்; அது ஒரு போர்டையே காப்பாற்றும்.

இனி வைப்பர் மோட்டார். ஓடும்போதே அது பல ஆம்பியர் இழுக்கும். ஜாம் ஆனால் 20-ஐத் தாண்டலாம். பிடிஎஸ்7960 வகை டிரைவர் போர்டை வாங்குங்கள். அதன் விளம்பரத்தில் 43 ஆம்பியர் என்று போட்டிருப்பதைத் தொடர் கரண்ட் என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சின்ன ஹீட் சிங்க்கை வைத்துக்கொண்டு அவ்வளவு கரண்டைத் தொடர்ந்து எடுக்க முடியாது. தடித்த வயர், ஃப்யூஸ், கைக்கெட்டும் தூரத்தில் பேட்டரி லைனையே துண்டிக்கும் ஒரு சுவிட்ச், இவை மூன்றும் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். அந்த மோட்டாருக்கு விரலை நசுக்கும் பலம் உண்டு. முதல் சோதனையில் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. பல வைப்பர் மோட்டார்களில் கிரவுண்ட் முனை மோட்டாரின் இரும்பு உடலோடு சேர்ந்தே இருக்கும். காரில் அதனால் தொல்லை இல்லை. டிரைவர் போர்டில் ரிவர்ஸ் கொடுக்கும்போது அந்த உடலுக்கே பிளஸ் வந்துவிடும்; உங்கள் வண்டியின் இரும்பு ஃபிரேம் பேட்டரி மைனஸோடு இணைந்திருந்தால் நேரடி ஷார்ட். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒவ்வொரு முனைக்கும் உடலுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் கேட்டால், மோட்டாரை மரப்பலகையிலோ தடித்த ரப்பரிலோ பொருத்தி, போல்ட்டும் தண்டும் ஃபிரேமைத் தொடாதபடி செய்யுங்கள். அப்படிச் செய்ய வழியில்லை என்றால் அந்த மோட்டாரை விட்டுவிட்டு, உடலோடு ஒட்டாத வேறு கியர் மோட்டார் வாங்குவதே சரி.