பழைய மெயில் சேர்வரும் புதிய வின்டோஸும்

பதுளை பஸாரில் மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். அவருடைய கடை மேல்மாடியில் 2012இல் வாங்கிய சேர்வர் ஒன்று இன்றும் ஓடுகிறது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டக் கடைகளின் ஓடர், கொழும்பு ஏஜன்டுகளின் இன்வொயிஸ், வங்கிக் கடிதங்கள் என்று எல்லா ஈமெயிலும் அதற்குள்தான் இருக்கின்றன. "நானா, மெயில் நல்லாத்தானே ஓடுது. வின்டோஸ மட்டும் புதுசாப் போட்டாப் போதாதா?" என்பது அவருடைய கேள்வி.

போதாது. ஏன் என்பதை வியாபாரிகள் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காவிட்டால் கணனிக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டத்தான் நேரும்.

அவரிடம் இருப்பது மைக்ரோசொப்டின் ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வர் 2011. சிறிய நிறுவனங்களுக்கென்றே வந்த பொதி அது. வின்டோஸ் சேர்வர் 2008 ஆர்2, எக்ஸ்சேஞ் 2010 என்ற மெயில் சேர்வர் இரண்டும் அதற்குள் ஒன்றாக இருந்தன. முன்னதற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இலும், பின்னதற்கானவை அதே ஆண்டு ஒக்டோபர் 13இலும் நின்றுவிட்டன. அந்தப் பொதிக்குப் பின் வந்த எசென்ஷியல்ஸ் பொதியில் மெயில் சேர்வரே கிடையாது.

நமது மலைநாட்டுப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கூரைக்குக் கீழே நீண்ட இரும்பு ஷாஃப்ட் ஒன்று சுழலும். அதிலிருந்து பெல்ட் மாட்டித்தான் ரோலர்களை ஓட்டினார்கள். அந்த ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ரோலர் மட்டும் சுற்ற வேண்டுமென்றால் சுற்றுமா? எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான். பயனாளர் பட்டியல், வெப் சேவை எல்லாவற்றையும் அது வின்டோஸிடமிருந்தே எடுக்கிறது. ஆகவே எந்தப் பதிப்பு எந்த வின்டோஸில் ஓடலாம் என்று மைக்ரோசொப்ட் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. 2010 பதிப்புக்கும் 2013 பதிப்புக்கும் வின்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 தான் எல்லை. வின்டோஸ் சேர்வர் 2016இல் அவற்றுக்கு ஆதரவே இல்லை. மெயில் சேர்வர் உள்ளே இருக்க, அடியிலுள்ள வின்டோஸை மட்டும் புதுப்பிப்பதையும் அந்த நிறுவனம் ஆதரிப்பதில்லை. பக்கத்தில் புதிய சேர்வரை நிறுத்தி, அஞ்சல் பெட்டிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவதுதான் முறை.

"ஓடும் வரை ஓடட்டும்" என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரசாங்கச் சேவை 2007இல் எக்ஸ்சேஞ் 2003உடன் தொடங்கியது. 2014இல் 2013 பதிப்புக்கு மாறியது. அங்கேயே நின்றுவிட்டது. 2021 முதல் மேம்படுத்தத் திட்டமிட்டும் நிதி நெருக்கடியாலும், முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தாமதமானது என்று அதை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பிறகு விளக்கம் கூறியது. 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11இல் முடிந்தது. அந்த ஓகஸ்டிலேயே கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரசாங்க ஈமெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் ஒன்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்களுக்குப் பிரதி இல்லாததால் அவை போயே போய்விட்டன.

அப்போது எல்லோரும் பழைய சொப்ட்வெயாரைப் பற்றித்தான் பேசினார்கள். என் பார்வையில் அது பாதிக் கதைதான். திருத்தம் நின்ற சொப்ட்வெயார் திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கும், உண்மை. ஆனால் மூன்று மாதக் கடிதங்கள் திரும்பி வராமல் போனதற்குக் காரணம், வலையமைப்புக்கு வெளியே கழற்றி வைத்த பிரதி ஒன்று இல்லாமையே. நம் கடையில் மூன்று மாத இன்வொயிஸ் காணாமல் போனால் யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எதை வைத்துக் கேட்பது?

ஆகவே அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி முழுப் பிரதி எடுத்து, உடனே கழற்றி வீட்டு அலுமாரியில் வையுங்கள். சேர்வரிலேயே மாட்டி வைத்த டிஸ்க்கையும் ரான்சம்வெயார் பூட்டிவிடும். ஒரு பழைய கடிதத்தை அந்தப் பிரதியிலிருந்து திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதியால் பயனில்லை.

அடுத்து, எக்ஸ்சேஞ் 2010இலிருந்து 2019க்கு நேரே போக முடியாது. இடையில் 2016 வேண்டும். அந்த இரண்டுக்கும்கூட ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன், வின்டோஸ் 10 முடிந்த அதே நாளில், முடிந்துவிட்டது. எட்டுப் பேர் பாவிக்கும் கடைக்கு இந்த இரட்டை வேலை வீண் செலவு. ஒவ்வொருவரின் மெயிலையும் அவுட்லுக்கில் பிஎஸ்டி கோப்பாக எடுத்து, மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் வெளி மெயில் சேவை ஒன்றுக்கு மாறுவதே இலாபம். முகவரி மாறாது, டொமைன் பெயர் உங்கள் சொந்தப் பெயரில் பதிவாகி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில இடங்களில் அதைக் கணனிக்காரர் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார்.

பழையதையும் வைத்திருக்க விரும்பினால் அதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்து, ஹைப்பர்-வி மூலம் புதிய கணனிக்குள் ஒரு மெய்நிகர் கணனியாக ஓட்டலாம். ஆனால் சேர்வரோடு சேர்ந்து வந்த லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது என்பதால் முதலில் அதை விசாரியுங்கள். மெய்நிகர் கணனிக்குள் போட்டதால் பழைய ஓட்டை அடைபடாது. இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பழைய கடிதங்களைப் பார்க்க மட்டும் பாவியுங்கள்.

மாற்றும் வேலையைப் போயா விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கொழும்பு அலுவலகங்களிலிருந்து மெயில் குறைவு. இடையில் சேர்வர் சில மணி நேரம் நின்றாலும் பயமில்லை. அனுப்பிய சேர்வர் பெரும்பாலும் மறுபடி மறுபடி முயன்று மெயிலைச் சேர்த்துவிடும்.