செம்பியன் மாதேவியாரும் செப்புத் திருமேனியும்



அரசி என்றதும் உங்கள் மனக்கண்ணில் எத்தகைய உருவம் தோன்றுகிறது? அரியணையில் வீற்றிருக்கும் உருவமா? வாளேந்திக் குதிரைமீது விரையும் உருவமா? நாட்டை ஆளாமலும் போர்க்களம் புகாமலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புகழ் மங்காது விளங்கும் ஓர் அரசியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். அவரே சோழர் குலத்து அரசி செம்பியன் மாதேவியார்.

வாழ்க்கை

செம்பியன் மாதேவியார் மழவர் குடியிற் பிறந்தவர். கண்டராதித்த சோழரின் தேவியார். கண்டராதித்தர் சிவபத்தியிற் சிறந்தவர். அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. 957-ஆம் ஆண்டையொட்டி அவர் மறைந்தபோது மகன் உத்தம சோழன் இளம்பிள்ளை. ஆதலின் அரசுரிமை கணவரின் தம்பி அரிஞ்சயர்க்கும், அதன்பின் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர்க்கும் சென்றது. பல ஆண்டுகள் கழித்தே உத்தம சோழன் முடிசூடினான்.

கணவரை இழந்த அரசியார் துயரத்தில் ஒடுங்கிவிடவில்லை. செங்கல்லால் ஆகிய பழைய கோயில்கள் மழையாலும் வெயிலாலும் சிதைவதைக் கண்டார். அவற்றைக் கருங்கல்லால் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டார். கோனேரிராசபுரம், விருத்தாசலம், திருக்கோடிக்காவல், ஆடுதுறை, திருவாரூர் அரநெறி முதலிய இடங்களில் அவர்தம் பணியை இன்றும் காணலாம். கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவரின் பெயரால் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் காட்சியையும் கல்லிற் செதுக்கச் செய்தார்.

திருக்கோடிக்காவலில் நிகழ்ந்தது நாம் மறவாது போற்றத் தக்கது. பழைய கோயிலைப் பிரித்தபோது, அதிலிருந்த பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் பொறிக்கச் செய்தனர். தமக்கு முன்னிருந்தோர் செய்த அறம் தம் காலத்தில் அழிந்துவிடலாகாது என்னும் நல்லெண்ணம் அன்றோ இது!

திருமேனி

நாகப்பட்டினம் அருகே செம்பியன் மாதேவி என்னும் பெயராலேயே ஓர் ஊர் உண்டு. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில், அரசியார் பிறந்த சித்திரைத் திங்கள் கேட்டை நாளில் விழா எடுக்கப்பட்டது. 1019-ஆம் ஆண்டில் அக்கோயிலில் அரசியாரின் திருவுருவத்தை எழுந்தருளச் செய்தவன் முதலாம் இராசேந்திர சோழன். 1025-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கடாரத்தின்மீது படையெடுத்த அதே இராசேந்திரன்தான் அவன்.

அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரிலுள்ள அருங்காட்சியகம் 1929-ஆம் ஆண்டில் ஒரு வெண்கலத் திருமேனியை விலைக்கு வாங்கியது. அதன் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. உமையம்மையின் கோலத்தில் அமைந்த செம்பியன் மாதேவியாரின் உருவமே அது என்பர் அறிஞர் பலர். அம்மையின் உருவமே என்பாரும் உளர்.

அத்திருமேனியைச் சற்று உற்று நோக்குவோம். தலையில் உயர்ந்த மகுடம். சரிந்திறங்கும் மெல்லிய தோள்கள். கொடி போன்ற இடை. வலக்கை மலர் ஏந்துவதுபோல் மடங்கியுள்ளது. இடக்கையோ நீண்டு தளர்ந்து தொங்குகிறது. உடல் ஒருபுறம் சற்றே சாய்ந்து நிற்கிறது. உள்ளபடியே ஒருவரைப் படியெடுத்த உருவமன்று இது. சிற்பி சிலவற்றை நீட்டியும் சிலவற்றைக் குறுக்கியும் தாம் கருதிய பெண்மையை வடித்துள்ளார்.

அப்பெண்மை யாது? அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நான்கையும் பெண்மையின் இயல்புகளாகக் கூறுவது வழக்கம். இவ்வுருவத்திலோ அச்சத்தின் சாயல் சிறிதும் இல்லை. உடல் வளைந்து நின்றாலும் தலை நிமிர்ந்தே உள்ளது. மென்மையும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையே இத்திருமேனி நமக்குக் கற்பிக்கிறது. மலரேந்தும் பாவனையில் அமைந்த மெல்லிய கை அவருடையது. கருங்கற் கோயில்களை எழுப்பித்ததும் அவர் கையே.

நாம் கொள்ள வேண்டுவது

நாம் வாழும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பெர்பாதே மரபைப் பின்பற்றும் மலாய் மக்களிடையே குலமும் மூதாதையர் நிலமும் தாய்வழியாகவே வருகின்றன. தாயை முதலாகக் கொண்ட மண் இது.

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, பால் வெட்டி, வாளி சுமந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பாட்டிமார் பலர். அவர்களுக்குச் சிலை எடுப்பார் இல்லை. சிலர்க்கு அடையாளக் கார்டிலுள்ள சிறு படத்தைத் தவிர வேறு படமும் இல்லாதிருக்கலாம். அப்படத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அம்முகத்திலும் மென்மையும் உறுதியும் இணைந்திருக்கக் காண்பீர்கள்.

மாணவியரே, கல்வியே உங்கள் மகுடம். மாணவர்களே, உடன் பயிலும் பெண்களை மதித்து நடப்பதே உங்கள் பெருமை. பழங்கல்வெட்டைப் படியெடுத்துக் காத்ததுபோல, நம் பாட்டிமார் வாழ்ந்த வரலாற்றை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைப்போம்.

பயிற்சி

1. செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கருங்கல்லால் புதுப்பித்தது ஏன்?
2. திருமேனியில் மென்மையைக் காட்டுவன யாவை? உறுதியைக் காட்டுவது யாது?
3. உங்கள் பாட்டியின் படத்தைப் பார்த்து, அதில் நீங்கள் காண்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.