மைதானமும் பலாக்கன்றும்

கல்வியென்பது ஏட்டளவில் நிற்பதன்று. உடலும் அதில் உரிய பங்கு பெறல் வேண்டும். இக்கருத்தை நம் நாட்டில் நிலைநாட்ட முன்னின்றோருள் ஒருவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் பரந்த மைதானத்தோடு விளங்குகின்றது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்திய அணியினருக்கு மேலாளராயிருந்தவரும் அவரே. 1943-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளையாட்டிற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் தோன்ற, இக்கல்லூரியும் அதனோடு இணைந்தது.

அண்மைக் காலத்தில் அந்நிலத்திலே புத்தகக் கண்காட்சியும் நடைபெறுகின்றது. நூலை விரும்பும் நாம் அதனைக் குறைகூறோம். ஆயினும் எம்மைதானத்திலும் பந்தற்கால் நட்ட குழி தூர்க்கப்படாதொழியின், ஓடுவோன் கணுக்காலுக்கு அதுவே பகையாம். நகரில் நிலம் அருகுந்தோறும் வெற்றிடத்தின்மேல் பலர் கண்ணும் விழும். மைதானம் வெற்றிடமன்று, கூரையில்லாத வகுப்பறை.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு: விழா முடிந்ததும் நிலம் சமன்செய்யப்படல்; மழைநீர் தேங்காது வடிதல்.

பண்ருட்டியில் பலாக்கன்று நடுவோர் தம் பேரர் சுளையுண்பதையும் எண்ணியே நடுகின்றனர். மைதானத்தைக் காத்தலும் அத்தகையதே. கடலூர், சிதம்பரம் பக்கத்து மாணவர்காள்! நும் ஊர்ப் பள்ளித்திடலையும் அவ்வாறே காப்பீராக.