மேடை இல்லாத மாதம்

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. உற்சவக் காலம் முடிந்தது, பள்ளிக்கூட ஆண்டு விழாக்களும் முடிந்தன, மழை பிடித்துக்கொண்டது, ஓணம் வரைக்கும் இனி மேடை கிடையாது என்று எழுதியிருக்கிறாய். கையில் இருக்கும் பணத்தில் புது மேஜிக் ஐட்டங்கள் நாலைந்து வாங்கிப்போட்டால் ஓணத்துக்குப் புதுசாகத் தெரியுமே என்றும் கேட்டிருக்கிறாய். வாங்காதே. கடையில் கிடைக்கும் ஐட்டம் நாளைக்கு எல்லாரிடமும் இருக்கும். அதைச் செய்கிற விதம் ஒன்றுதான் உன்னுடையதாக ஆக முடியும். அதற்கு ஆற அமர உட்கார நாள் வேண்டும். ஷோ இருக்கும் மாதங்களில் அந்த நாள் வாய்க்காது.

நீ இருக்கும் திருவனந்தபுரத்தையே பார். கர்க்கடக மழையில் மேடை ஏற வழியில்லாத கதகளிக்காரர்களும் களரிக்காரர்களும் அந்த நாட்களில்தான் எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்து, அடுத்த பருவத்துக்கு உடம்பைப் பதப்படுத்துகிறார்கள். கிழக்கேகோட்டையில் 1956 முதல் சி.வி.என். களரி இருக்கிறது. கோட்டைப் பக்கமே கதகளிக்கும் கூடியாட்டத்துக்கும் மார்கி என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது பயிற்சியைப் பார். கதகளி மாணவர்கள் விடியுமுன் கண்ணில் நெய் விட்டுக்கொண்டு, விழியை நேராகவும் வட்டமாகவும், மெல்லவும் வேகமாகவும் ஓட்டிப் பழகுவார்கள். கண் சாதகம் என்பார்கள். நம் தொழிலில் விரலுக்கு இவ்வளவு பயிற்சி கொடுக்கிறோம், கண்ணுக்கு என்ன கொடுத்தோம் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

இது வெறும் வியப்பில் சொல்வதல்ல. குஸ்தாவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எறிவதுபோல் பாவனை மட்டும் செய்வது. உனக்குத் தெரிந்த பழைய ஐட்டம்தான். வித்தைக்காரர் பந்து போகும் திசையில் அண்ணாந்து பார்த்தபோது, பார்வையாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு செய்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு. கை இரண்டு தடவையும் ஒரே வேலையைத்தான் செய்தது. வேறுபட்டது அவருடைய பார்வை. ஆகவே இந்த மழைக்காலத்தில் கண்ணாடி முன் நிற்கும்போது விரலை விட்டுவிட்டு உன் விழி எங்கே போகிறது என்று கவனி. பந்தை ஒளிக்கும் கைப்பக்கம் அது ஒரு கணம் திரும்பினாலும் முன்வரிசைக் குழந்தை பிடித்துவிடும்.

அடுத்ததாக மற்றவர்களின் கண். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே உள்ள மேத்தன் மணி என்ற பழைய கடிகாரத்துக்கு முன்னால் போய் நில். மணி அடிக்கும் நேரத்தில் இரண்டு கிடாக்கள் வந்து அதிலுள்ள தாடிக்கார முகத்தின் கன்னத்தில் முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறி அது. நீ கடிகாரத்தைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார். எத்தனை தலை ஒரே நேரத்தில் நிமிர்கிறது, முட்டி முடிந்ததும் யார் முதலில் பார்வையைத் தாழ்த்துகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிச் சிரிக்கும் அந்த நொடி எவ்வளவு நீள்கிறது என்று பார். உன் ஷோவில் கைதட்டல் தொடங்கும் கணமும் இதே மாதிரிதான் இருக்கும். அடுத்து ஒளிக்க வேண்டிய பொருளை, நாம் லோடு என்பதை, கிண்ணத்துக்குள் வைக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தாய். நன்றாகப் பேச வேண்டுமானால் சாக்கியார் கூத்து பார். ஸ்லோகம் சொல்லிப் பொருள் விரித்துக்கொண்டே எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கதைக்குள் இழுத்துப் பரிகசிக்கச் சாக்கியாருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பரிகாசம் கதையை ஒரு படி முன்னே தள்ளும். மேடைக்குக் கூப்பிட்ட ஆளை மட்டம் தட்டிச் சிரிப்பு வாங்கும் பழக்கம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

இனி, ஒரே ஒரு ஐட்டத்தை எடுத்துக்கொள். நான் சொல்வது செப்பும் பந்தும், கவிழ்த்த கிண்ணங்களுக்கடியில் பந்து தோன்றி மறையும் ஐட்டம். கேரளத்து மேஜிக்குக்குத் தகப்பன் என்று போற்றப்படும் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) பெயர் பெற்றது பெரிய பெட்டிகளாலும் விளக்குகளாலும் அல்ல, கையடக்கத்தால். அவருடைய சீடர் ஆர்.கே. மலயத்து. மலயத்திடம் கற்றவர் கோபிநாத் முதுகாடு. அந்த வழியில் ஒரு கிளை 1996-இல் உன் ஊருக்கு வந்து பூஜப்புரையில் மேஜிக் அகாடமியாக நின்றது. இவர்களுக்கெல்லாம் முன்பே தெருவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். நாலு பக்கமும் ஆள் நிற்க, மேஜையோ திரையோ இல்லாமல், தரையில் குந்தி உட்கார்ந்து மூன்று கிண்ணத்தைக் கவிழ்ப்பவர்கள். கழக்கூட்டத்துக்கு அருகே கின்ஃப்ரா பூங்காவில் 2014 அக்டோபர் 31-இல் திறந்த மேஜிக் பிளானட்டில் தெருக் கலைஞர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தெருக்காரர் செய்வதைக் கண்டால் மேடையில் நீ பக்கவாட்டு இருக்கைகளை நினைத்துப் பதறுவது குறையும். கிண்ணத்தை மட்டும் புளி போட்டு அளவுக்கு மீறித் தேய்த்துவிடாதே. விளக்கொளியில் உன் உள்ளங்கை அதில் தெரியும்.

மழையில் பொருட்களுக்கு வரும் கேடு உனக்கே தெரியும். சீட்டு ஊதிப்போகும், பட்டுத் துணியில் பூஞ்சை பிடிக்கும், கீலில் துரு ஏறும். வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வை.

படிக்கவும் வேண்டும். ஹூடினி ஊர் ஊராகப் போய்க் கைவிலங்கிலிருந்து விடுபட்டுக் காட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் புத்தகம் சேர்த்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1927-இல், சுமார் 4,000 நூல்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உனக்குப் பாளையத்திலேயே 1829-இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் எழுதிய நூலைத் தேடிப் படி. சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைப் பெண்களைத் தண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த வித்தைகளில் பேயுமில்லை பிசாசுமில்லை, கைத்திறன்தான் என்று காட்டுவதற்காகவே அவர் செப்பும் பந்தும் செய்யும் முறையை விளக்கினார்.

அதே வேலையை நம் பக்கத்தில் செய்தவர் திருவல்லாவில் 1898-இல் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர். ஏமாற்று இல்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு லட்ச ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும் வரை யாரும் அதை வாங்கவில்லை. அவருக்குப் பின் கோழிக்கோட்டில் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். அவரும் வித்தை தெரிந்தவர். சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்து, விரலிடுக்கில் மறைத்து நசுக்கி விபூதி வரவழைப்பதை ஊர் ஊராகச் செய்து காட்டினார். வேலை இல்லாத நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் இதை நீ செய்து காட்டினால் மகிழ்வேன். தொழில் ரகசியம் வெளியே போகுமே என்று பயப்படாதே. மேடையில் ஒருவர் பிழைப்புக்குச் செய்யும் ஐட்டத்தைச் சொல்லாதே, நோயாளியிடம் பணம் பிடுங்கப் பயன்படுத்தும் முறையைச் சொல். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

கடைசியாக ஒன்று. முதுகாடு 2021-இல் தொழில்முறை மேடையை விட்டதாக அறிவித்தார். மேஜிக் பிளானட்டுக்குள் நடக்கும் டிஃபரென்ட் ஆர்ட் சென்டரில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள் இசையும் ஓவியமும் மேஜிக்கும் கற்கிறார்கள். அவர்களோடு நேரம் செலவிடவே அந்த முடிவு. நீ மேடையை விட வேண்டாம். உன் தெருவிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அம்மா அப்பாவிடம் கேட்டு, வாரம் ஒரு மணி நேரம் ஒரு கயிற்று ஐட்டம் சொல்லிக்கொடு. ஒவ்வொரு முடிச்சையும் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். யோசிக்காமல் உன் கை செய்துகொண்டிருப்பதையெல்லாம் அப்போது நீயே முதல்முறையாகப் பார்ப்பாய். பிள்ளை அதைத் தன் வீட்டார் முன்னால் செய்து காட்டும் நாளில், நீ மேடை ஏறாமல் பின்வரிசையில் உட்கார். கயிறு மட்டும் மெத்தென்ற பருத்திக் கயிறாக வாங்கு, நைலான் வழுக்கும்.

அன்புடன்,
மாமா